அக்காவுக்குப் பிடிக்காத பெயர்கள்

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. அவவின் பெயரை மறக்க யாராலும் முடியாது, மறக்க அவ விடவும் மாட்டா. "என்னைப் பற்றி எப்பவாவது எழுதினாய் எண்டால் பேரைப் போடாதை பிள்ளை. பேரைக் கண்டவுடன எங்கட சனம் எந்த ஊர், ஆர் ஆக்கள் எண்டு துழாவத் தொடங்கிவிடும். பேர் கூப்பிடுறதுக்கு. பேப்பரில போடுறதுக்கு இல்லை" என்று ஒருநாள் சொல்லிவிட்டா. நான் எழுதுகிறவளாக வருவேன் என்று அவவுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. அந்தக் காலத்தில் நான் எழுதியதெல்லாம் ஊருக்குப் போட்ட கடிதங்கள்தான்.

ஆகவே அக்கா. அப்படிக் கூப்பிட்டால் அவவுக்குப் பிரச்சினை இல்லை, அது உறவு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் சந்தோஷம். செய்கிற வேலையைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பொல்லாத கோபம் வரும்.

எண்பதுகளின் நடுவில் மொன்றியலுக்கு வந்து விழுந்தவர்கள் நாங்கள். செயின்ட்-மிஷேலில், வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி வைத்த ஒரு கட்டடத்தில் நானும் என் கணவரும் மேல்மாடி. அக்கா கீழ்வீடு, தனி ஆள். குள்ளம், உருண்டை, தேவாலயத்தில் இலவசமாகக் கொடுத்த ஒரு ஆண்பிள்ளைக் கோட்டு. அது கணுக்கால் வரை வரும். அதை உதறிக்கொண்டு அவ சிரித்தால் மேல்மாடியில் எங்களுக்குக் கேட்கும். ஊரில் என்ன செய்தா, ஏன் தனியாக வந்தா என்றெல்லாம் ஒழுங்காகச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்த மறுமொழியை நாங்கள் பார்த்திருந்தோம்.

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் மூன்றாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும். "நீங்கள் ஊரில எந்தப் பக்கம்? ஆற்ற ஆக்கள்?" கேட்பவருக்கு ஊர் தெரிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. உங்களை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கேள்வி கேட்டாலே நாக்குத் தடுமாறும். அக்காவுக்கு ஒன்றும் தடுமாறாது.

"நாங்கள் செயின்ட்-மிஷேல். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில ஆக்கள்."

"இல்லை, ஊரில..."

"ஊரிலயும் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலதான்."

கேட்டவர் அசடு வழிய, அக்கா கோட்டை உதறிக்கொண்டு போய்விடுவா.

அந்த வருடங்களில் எங்கள் சனத்துக்குப் பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தன. அகதி விசாரணை எப்போது வரும் என்று தெரியாது, பத்திரம் எப்போது கைக்கு வரும் என்று தெரியாது. பிள்ளை எப்போது வரும் என்பது மட்டும்தான் நிச்சயமாகத் தெரிந்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்கெல்லாம் அக்கா பத்தியக் கறியோடு போவா. சைனாக்கடையில் சின்ன மீன் தேடி வாங்கி, மல்லி, மிளகு, நற்சீரகம், உள்ளி எல்லாம் அரைத்துக் காய்ச்சி, சட்டியைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுவா. பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் மணத்தில் எழும்பிப்போய் வேறு இடம் பார்ப்பார். "பாத்தியே, சரக்கு நல்லா இறங்கியிருக்கு" என்று எனக்குச் சொல்லுவா.

கறி இலவசம். கூடவே வரும் அபிப்பிராயமும் இலவசம். பிள்ளையைத் தூக்குவா, உச்சி மோந்து பார்ப்பா, பிறகு "என்ன பேர்?" என்பா. அந்த நேரத்தில் தாய் தகப்பனின் முகத்தைப் பார்க்கவேண்டும், பள்ளிக்கூடச் சோதனைக்குப் போனவர்கள் மாதிரி இருக்கும்.

ஒரு வீட்டில் தாயின் பெயரில் பாதி, தகப்பனின் பெயரில் பாதி எடுத்து ஒட்டிப் பிள்ளைக்கு வைத்திருந்தார்கள். "ரெண்டு பேரும் அரைவாசி அரைவாசி குடுத்திருக்கிறியள். பிள்ளைக்கு எண்டு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டா. இன்னொரு வீட்டில் பிள்ளையின் பெயர் டிலுக்ஷன். "பேரைச் சொல்லு எண்டால் ஏன் தும்முறாய்?" என்றா. சிலர் தப்புவதற்காக, "இன்னும் யோசிக்கேல்லை அக்கா" என்று சொல்லிப் பார்த்தார்கள். "பத்து மாசமா வயித்தில வைச்சுக்கொண்டு என்னத்தை யோசிச்சனி?" என்று அவர்களுக்கும் விழுந்தது.

இதெல்லாம் பகிடி. கறி நன்றாக இருந்தபடியால் எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். பகிடி இல்லாத ஒன்று இருந்தது. எங்கள் தாய்மாருக்குப் பிள்ளையைக் கொஞ்சும்போது "என்ர டொக்டர், என்ர இஞ்சினியர்" என்று வாயில் வந்துவிடும். அது கேட்டால் அக்காவின் முகம் மாறிவிடும். "டொக்டர் எண்டு கொஞ்சாதை. நாளைக்கு அவன் பஸ் ஓட்டினால் உன்ர பிள்ளை இல்லையோ? பேரைச் சொல்லிக் கொஞ்சு." அப்படிச் சொல்லும்போது சிரிக்கமாட்டா.

ஊரில் படிப்பித்தவர்கள் பலர் இங்கே வந்து சமையலறைகளில் நின்றார்கள். ஆனாலும் அவர்கள் எங்களுக்கு 'மாஸ்டர்'தான். அக்கா மட்டும் அவர்களிடம் பெயர் கேட்டு, பெயரோடு அண்ணை சேர்த்துக் கூப்பிட்டா. ஒரு மாஸ்டர் அதை அவமானமாக எடுத்து அவவோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். அக்கா அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவரின் மனைவி பிள்ளைப்பேற்றுக்குக் கிடந்தபோதும் கறி போனது.

அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்கு நாங்கள் இருவரும் பின்னேரங்களில் போனோம். வினைச்சொற்கள் எதுவும் அக்காவின் தலைக்குள் இறங்கவில்லை. ஒருநாள் ஆசிரியை இந்த ஊர்க் குடும்பப் பெயர்களைப் பற்றிச் சொல்ல, அக்கா நிமிர்ந்து இருந்தா. பூலான்ஜே என்றால் பாண், அதுதான் ரொட்டி, சுடுகிறவர், ஷார்பான்தியே என்றால் தச்சர், பூஷே என்றால் இறைச்சி வெட்டுகிறவர். எங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் பெயர் ஷார்பான்தியே. எங்கள் கட்டடத்து முன்கதவு மூன்று மாதமாகச் சாத்துப்படவில்லை, தோளால் இடித்துத்தான் பூட்டவேண்டும். "எடி பிள்ளை, பேர் தச்சன், ஒரு கதவு சரிபண்ணத் தெரியாது!" என்று அக்கா பஸ்ஸில் விழுந்து விழுந்து சிரித்தா. அடுத்த முறை வாடகைக்கு அவர் வந்தபோது பெயரைச் சொல்லிக் கதவையும் காட்டினா. மனிசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திருத்த ஆள் வந்தார். அவரின் பெயர் பூஷே.

நாங்கள் இருவரும் வேலை செய்தது நகரின் வடக்குப் பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில். அக்காவுக்குப் பொத்தான் தைக்கும் இயந்திரம், எனக்குக் காற்சட்டைப் பை. மேற்பார்வை பார்த்தவர் நெட்டையான ஒரு மனிதர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். எங்கள் பெயர்களெல்லாம் தன் வாய்க்குள் வராது என்று முதல் நாளே கையை விரித்துவிட்டார். தைக்கிற இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். பொத்தானுக்கு பூத்தோன், பைக்கு பொஷ், கழுத்துப்பட்டிக்கு கொலே. நாள் முழுக்க "பூத்தோன்! பொஷ்! கொலே!" என்று கூடம் அதிரும். எனக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை. பொஷ் என்றால் பொஷ், வேலை இருந்தால் சரி என்று இருந்தேன்.

பிரெஞ்சு வகுப்பில் பெயர்கள் படித்த கிழமைக்கு அடுத்த கிழமை அவர் "பூத்தோன்!" என்றார். அக்கா திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. அவர் பக்கத்தில் வந்து நின்றார். அக்கா தன் பெயரைச் சொன்னா, துண்டு துண்டாக, பிள்ளைக்குச் சோறு தீத்துவது போல. அவர் சொல்லிப் பார்த்தார், பிழைத்தது. அக்கா தலையாட்டிவிட்டுத் திரும்பவும் சொன்னா. திரும்பவும் பிழைத்தது. கூடத்தில் மற்ற இயந்திரங்களும் ஒவ்வொன்றாக நின்றன. அவவை வேலையால் நிற்பாட்டினால் அந்த மாத வாடகைக்கு அவ என்ன செய்வா? அவரின் முகம் சிவந்துவந்தது. அப்போது அக்கா தனக்குத் தெரிந்த பிரெஞ்சை எல்லாம் ஒன்றுசேர்த்து ஒரு கேள்வி கேட்டா.

"மூசியே பூலான்ஜே, நீங்கள் பாண் சுடுவீங்களோ?"

ஓம், அவரின் பெயர்தான் அது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். தனக்கு முட்டை பொரிக்கவே தெரியாது என்றார். இத்தாலிக்காரி ஒருத்தி முதலில் சிரித்தாள், பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது, கடைசியில் அவரும். அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு துண்டாக அக்காவின் பெயரைப் பழகினார். முழுதாகச் சொல்லி முடித்த அன்றைக்கு அக்கா அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தா. ஹெயிட்டிக்காரி ஒருத்தியும் தன் பெயரைச் சொல்லச் சொன்னாள். பிறகு நான். எனக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை என்று எழுதினேன் அல்லவா? அவர் முதல்முறை என் பெயரைச் சொன்னபோது கண் கலங்கிவிட்டது. பட்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

பிறகு நான் பிள்ளைத்தாய்ச்சி ஆனேன்.

என் கணவரை 'இவர்' என்று எழுதுகிறேன், எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. இவர் ஊரில் நல்ல வசதியான வீட்டுப் பிள்ளை. குடித்த தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவாமல் வளர்ந்தவர். இங்கே நகர மையத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்த வேலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் பிளோன்ஜேர். வேலைக்கும் அதுதான் பெயர், இவருக்கும் அதுதான் பெயர். இவரின் சொந்தப் பெயர் கோயில் கோபுரம் மாதிரி உயர்ந்தது. அதை முதலாளி ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. வேலையால் வரும்போது கை வெளிறிச் சுருங்கியிருக்கும், முகமும் அப்படியே. நான் கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார்.

மாசி மாதத்துப் பனியில் மகள் பிறந்தாள். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு அக்கா சட்டியோடு வந்தா. தாதி மூக்கைச் சுளித்துக்கொண்டு சன்னலைத் திறக்கப் பார்க்க, அக்கா பிள்ளைக்குக் குளிரும் என்று அதைச் சாத்தினா. பிள்ளையை உச்சி மோந்தா. பிறகு இவரைப் பார்த்தா.

"என்ன பேர் தம்பி?"

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "டெயிலர்."

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தா. "ஆருக்கு என்ன தைக்கவேணும்?"

"இல்லை அக்கா. பிள்ளைக்கு. எங்கட முதலாளியின்ர பேத்திக்கு அந்தப் பேர்தான். இப்ப இஞ்ச எல்லாரும் வைக்கினம். கார்ட்டர், மேசன், டெயிலர்..."

"மேசனோ? சுவர் கட்டுற மேசனோ?"

எனக்குச் சிரித்தால் தையல் இழுக்கும். தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எனக்கும் அந்தப் பெயர் பிடிக்கவில்லைதான். நாள் முழுக்கக் காற்சட்டைப் பை தைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையையும் தையல்காரி என்றா கூப்பிடுவது? ஆனால் இவருக்கு அந்தப் பெயரில் இருந்த ஆசையைப் பார்க்க வாய் வரவில்லை. அக்கா பார்த்துக்கொள்ளுவா என்று விட்டுவிட்டேன்.

அக்கா பார்த்துக்கொண்டா. ஒவ்வொரு நாளும் உறைபனி பிடித்த இரும்புப் படியில் ஒரு கையால் சட்டியும் ஒரு கையால் கம்பியும் பிடித்து ஏறி வந்து, எனக்குக் கறியும் இவருக்குச் சண்டையும் பரிமாறினா. முப்பத்தோராம் நாள் துடக்கு என்கிற தீட்டைக் கழித்துப் பேர் சொல்லவேண்டும், அரசாங்கப் பதிவுக்கும் அதற்குள் பெயர் கொடுக்கவேண்டும். இவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"அது ஒரு பேர் அக்கா, அவ்வளவுதான். அவையின்ர பூட்டனுக்குப் பூட்டன் தைச்சிருப்பான். இப்ப ஒருத்தரும் அதை யோசிக்கிறேல்லை."

"அவை யோசிக்கத் தேவையில்லை. அவைக்கு அந்தப் புண் எப்பவோ காய்ஞ்சு போச்சு. எங்களுக்கு இன்னும் ஈரம் தம்பி."

"என்ன ஈரம்? உங்களுக்கு எல்லாம் பகிடி!" இவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "நாள் முழுக்க பிளோன்ஜேர், பிளோன்ஜேர். ரெண்டு வருசமா என்ர பேரைச் சொல்ல அங்க ஒருத்தன் இல்லை. ஏன்? சொல்லக் கஷ்டம். என்ர பிள்ளைக்கு அது வரக்கூடாது. சொல்ல லேசான பேர் எண்டால் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்கள். எனக்கு அது காணும்."

இவரின் 'ஒண்டுமில்லை'க்குள் இவ்வளவு இருந்தது என்று எனக்கும் தெரியாது. அக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் இருந்தா.

"உன்னைக் கோப்பை கழுவி எண்டு கூப்பிடுறது உனக்கு நோகுது. சரி. அதுக்குப் பிள்ளையைத் தையல்காரி எண்டு நீயே கூப்பிடப் போறியோ?"

இவர் தன் வெளிறிய கைகளைக் குனிந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி, அந்த நோ. எங்கட அம்மா ஊருக்கு உடுப்பு வெளுத்தவ. வாசலுக்கு வந்தால் வேலையின்ர பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவினம். கிழவரும் அப்பிடித்தான், நேற்றுப் பேசப் பழகின பிள்ளையளும் அப்பிடித்தான். அம்மாவுக்கு வடிவான பேர் ஒண்டு இருந்தது. அவவின்ர அப்பு ஆசைப்பட்டு வைச்சது. உங்களுக்கு உந்தப் பேர் கேக்குதோ எண்டு ஊரில சிரிச்சவையாம். பேந்து ஒருத்தரும் அதை வாயில எடுக்கேல்லை. அம்மா மோசம் போன அண்டைக்கும் வேலையின்ர பேரைச் சொல்லித்தான் செத்துப்போச்சாம் எண்டவை." பிறகு முழங்காலில் கையூன்றி எழும்பினா. "கறி ஆறுது பிள்ளை. சாப்பிடு."

படியில் அவவின் சப்பாத்துச் சத்தம் கீழே போவதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். அவ ஆர் ஆக்கள் என்று இத்தனை பேர் துழாவியும் அறியாததை எங்களுக்குத் தானாகவே சொல்லிவிட்டுப் போயிருந்தா.

அடுத்த நாள் இவருக்கு விடுமுறை. பிள்ளையின் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, தெரு முனையில் இயந்திரம் வைத்திருக்கிற சலவைக் கடைக்குப் போனார். திரும்பி வந்து, சூடு ஆறாத துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே கதைத்தார்.

"எங்கட வீட்டுக்கும் ஒரு மனிசி வாறவ. வெள்ளிக்கிழமையில. நான் சின்னப் பொடியனா இருக்கேக்க அந்த மனிசியைக் கூப்பிட்டு மூட்டையைக் காட்டுறது என்ர வேலை. எப்பிடிக் கூப்பிட்டனான் எண்டு உமக்குத் தெரியும்தானே. அவவுக்கு ஒரு பேர் இருந்திருக்கும் எண்டு இண்டைக்கு அந்தக் கடையில இருக்கேக்கதான் எனக்கு யோசனை வந்தது."

"இப்ப யோசிச்சு என்ன செய்யிறது?"

"அதைத்தான் வாற வழியில கீழ் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டனான்."

"என்னத்தை?"

"அக்காவின்ர அம்மான்ர பேரை." ஒரு துணியை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "அன்னபூரணம்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் என் குணம் முன்னுக்கு வந்தது. "டெயிலரில இருந்து அன்னபூரணத்துக்கோ? நடுவில ஒரு பேரும் கிடைக்கேல்லையோ? பெத்தவள் நான் ஒருத்தி இருக்கிறன், என்னையும் ஒருக்காக் கேளுங்கோ!"

"அதுதான் கேக்கிறன். சொல்லும்." அவரின் முகத்தில் பயம் இருந்தது. "ஆனால் இஞ்ச ஆர் உதைச் சொல்லப் போகினம்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில என்னெண்டு கூப்பிடுவினம்?"

பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்து "அன்னபூரணம்" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, இவர் புதிதாக மாற்றிவிட்ட துணியை நனைத்தாள். வாய் நிறைய வந்தது அந்தப் பெயர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"பூலான்ஜேயே அக்காவின்ர பேரை முழுசாச் சொல்லுறான்" என்றேன். "இது அதில அரைவாசிதான். பழக்கினால் பழகுவினம்."

அக்காவுக்கு நாங்கள் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் எங்கள் இரண்டு அறை வீட்டில் ஆட்கள் நெருக்கி இருந்தார்கள். அக்கா குசினியில் வடை சுட்டுக்கொண்டு, டெயிலர் என்ற சொல் காதில் விழுந்தால் அகப்பையோடு வெளியே வருவதற்குத் தயாராக நின்றா. இவரின் சித்தப்பா ஒருவர் ரொறன்ரோவில் இருந்து வந்து, கதிரையில் நடுநாயகமாக இருந்தார். இவர் மகளின் காதருகே குனிந்து மூன்று முறை பெயரைச் சொல்லிவிட்டு, நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"அன்னபூரணமோ?" சித்தப்பாவின் புருவம் ஏறியது. "அந்தக் காலத்துப் பேராக் கிடக்கு. ஆற்ற பேர்? எங்கட பக்கத்தில அப்பிடி ஒருத்தரும் இல்லையே."

"அக்காவின்ர அம்மான்ர பேர்."

"எந்த அக்கா? ஆர் ஆக்கள் அவை?"

சித்தப்பா சொல்லுவது ஊருக்குப் போகும், ஊரில் இருந்து இவரின் அம்மாவின் கடிதம் வரும். இவருக்கும் அது தெரியும். இவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, நிதானமாக மறுமொழி சொன்னார்.

"செயின்ட்-மிஷேல், சித்தப்பா. பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில ஆக்கள்."

குசினியில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் போய்ப் பார்த்தேன். அக்கா அடுப்புக்கு முன்னால் அகப்பையைப் பிடித்தபடி நின்றா. தாச்சியில் வடைகள் கருகிக்கொண்டிருந்தன. அவவின் கையால் கருகிய வடையை நான் சாப்பிட்டது அந்த ஒரு முறைதான். எல்லாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள், சித்தப்பா உட்பட.

ஆட்கள் போனபிறகு பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அக்கா அபிப்பிராயம் சொன்னா. சொல்லாமல் விடுவாவா? "பேர் வைச்சாப்போலக் காணாது. முழுசாக் கூப்பிடவேணும். நீளம் எண்டு அன்னா, பூர்ணி எண்டு வெட்டினியளோ, நான் பொல்லாதவள்." கண்ணைத் துடைத்த சால்வைத் தலைப்பாலேயே பிள்ளையின் வாயையும் துடைத்தா.

சொன்னதைச் செய்கிறவ அக்கா. மகளை மூன்று வயது நெருங்குகிறபோது கார்தெரியில் சேர்த்தோம். பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். அங்கிருந்த பெண் முதல் நாளே "அன்னா" என்று வெட்டிவிட்டாள். இவர் அவளைத் திருத்தாமல் வந்துவிட்டார். அடுத்த நாள் அக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அந்தக் கோட்டையும் போட்டுக்கொண்டு போய், குட்டிக் கதிரை ஒன்றில் குந்தியிருந்து அந்தப் பெண்ணுக்குப் பெயர் பழக்கினா. துண்டு துண்டாக. போகும்போது வடையும் கொண்டுபோயிருந்தா. அந்தப் பெண் மேற்பார்வையாளரைவிடக் கெட்டிக்காரி, இரண்டு நாளில் பிடித்துவிட்டாள்.

அந்தக் கிழமையில்தான் ஒருநாள் நானும் அக்காவும் வேலை முடிந்து மகளைக் கூட்டிவரப் போனோம். பனி கொட்டி ஓய்ந்திருந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிப் பொம்மைகளாக, தலை முதல் கால் வரை பொதிந்த குளிருடுப்பில் பனியை அள்ளி எறிந்துகொண்டு நின்றார்கள். எது என் பிள்ளை என்று எனக்கே தெரியவில்லை. அக்கா வேலிக்கருகே போய், வாயின் இரு பக்கமும் கையை வைத்து, வயிற்றில் இருந்து குரல் எடுத்துக் கூப்பிட்டா.

"அன்னபூரணம்!"

பஸ்ஸுக்கு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே சிவப்பு உடுப்பு ஒன்று தலையை நிமிர்த்தியது. "ஓம்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து, விழுந்து, எழும்பி, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அக்கா அசையாமல் நின்றா.

"என்னக்கா?"

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் திரும்பிப் பாத்ததை இண்டைக்குத்தான் காணுறன்."

கோட்டின் கையால் மூக்கைத் துடைத்தா. ஆனால் அக்கா ஒரு முகத்தோடு நெடுநேரம் நிற்கிறவ அல்ல. வேலிக்கு மேலால் குனிந்து மகளைப் பார்த்தா.

"நீ திரும்பிப் போய் அங்க நில்லு பிள்ளை. நான் இன்னொருக்காக் கூப்பிடப் போறன்."

மகளுக்கு அது புது விளையாட்டு. சிரித்துக்கொண்டு பனிக்குள் ஓடிப்போய், பிள்ளைகளுக்கு நடுவில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காத்து நின்றாள்.